கனகாம்பரம்: எத்தனை சென்டில் பயிரிடலாம்?

நம் நாட்டு ஸ்திரீகள் தலையில் சூடும் கனகாம்பரத்திற்கு வாசனை கிடையாது. இருந்தும் மல்லிகைக்கு அடுத்தபடியாக அதைக் கேட்டு வாங்குகிறார்கள். காரணம் வெளிப்படை. மல்லிகை மாலையில் விரிந்து மறுநாள் காலையில் பழுத்து விடுகிறது. கனகாம்பரமோ பறித்துத் தொடுத்த பிறகும் ஒரு நாளுக்குக் குறையாமல் நிறம் மாறாது நிற்கும். பாரமும் இல்லை. வெள்ளைப் பூவின் இடையிடையே வைத்துக் கட்டினால் சரத்திற்கே ஒரு களை உண்டாகும். எனவே கலியாண மாதங்களில் இப்பூவுக்கு நல்ல கிராக்கி ஏற்படுகிறது.

இக்கிராக்கியைக் கண்டு நமது சங்க அங்கத்தினர்களில் பலர் கனகாம்பரச் சாகுபடிக்கென்று கடன் மனுச் செய்து வருகிறார்கள். மனுக்களைப் பரிசீலிக்கையில் பெரும்பாலானவற்றில் விஸ்தீரணம் அரை ஏக்கர் என்றும் ஓர் ஏக்கர் என்றும் கண்டிருக்கிறது. இது கையிலுள்ள நிலத்தைப் பார்த்து எழுதிய அளவேயன்றி, பூப் பறிக்க வீட்டில் எத்தனை கைகள் உள்ளன என்பதைப் பார்த்து எழுதிய அளவன்று. நெல்லுக்கும் கடலைக்கும் நிலத்தைக் கொண்டு கணக்கிடுவது சரி. இந்தச் செடிக்கு அது சரிப்படாது. ஏன் என்பதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம். சாகுபடி முறையையும் இடையிடையே சொல்லிச் செல்வோம்.

கனகாம்பரம் வெளிநாட்டிலிருந்து வந்த செடியன்று. தென்னிந்தியாவும் இலங்கையுமே அதன் பிறப்பிடம். ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ் 1759ஆம் ஆண்டில் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். ஆடாதோடை, நிலவேம்பு முதலியவை சேர்ந்த குடும்பத்தையே சேர்ந்தது. இரண்டு மூன்றடி உயரம் வளரும். பளபளப்பான கரும்பச்சை இலைகளின் கக்கத்திலிருந்தும் நுனியிலிருந்தும் கதிர்கள் கிளம்பும். ஒவ்வொரு கதிரிலும் அடியிலிருந்து நுனி நோக்கி, நாளைக்குச் சில பூக்களாக, வரிசையாய் மலர்ந்து கொண்டே போகும். ஒரு கதிர் பூத்து முடிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். குளிர் மட்டும் இதற்கு ஆகாது. உறைபனி விழும் ஐரோப்பிய தேசங்களில் இதைக் கண்ணாடி வீட்டிற்குள்ளும் ஜன்னலோரத் தொட்டியிலும் வைத்து அலங்காரச் செடியாகப் போற்றி வளர்க்கிறார்கள். நமது சமவெளிகளில் அந்தக் கவலை இல்லையெனினும், மார்கழிக் குளிரிலும் அடைமழையிலும் பூ குறைந்து விடும் என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

நீர் தேங்காத செம்மண்ணும் மணல் கலந்த வண்டல் மண்ணும் உகந்தவை. களிமண்ணில் வேர் அழுகும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் இளந்தளிர் மஞ்சளாகும். ஆனால் இலை நரம்புகள் மாத்திரம் பச்சையாகவே இருக்கும். இது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் இலை தேறி விடும். இலை மஞ்சளாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது இவ்வளவு எளிதில் தீருவதன்று. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நாட்டுக் கனகாம்பரம் விதையினால் உற்பத்தியாவது. பூப் பறிக்காது விட்ட கதிரில் காய் பிடித்து முற்றிக் காய்ந்திருக்கும். அந்தக் காயின்மேல் ஒரு துளி நீர் பட்டால் போதும், பட்டென்று வெடித்து விதையை நாலாபக்கமும் எறிந்து விடும். குழந்தைகள் இதைத் தண்ணீரில் போட்டு விளையாடுவதை யாவரும் பார்த்திருக்கலாம். விதை சேகரிப்பவருக்கோ இது விளையாட்டன்று. ஒரு மழை பெய்தால் விதை முழுதும் மண்ணுக்குப் போய்விடும். ஆகையால் கதிர்கள் பழுப்பேறியவுடன், மேகம் கூடுவதற்கு முன் அறுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிய பானையில் இட்டு வைக்க வேண்டும். பழைய விதை சரியாய் முளைப்பதில்லை. சென்ற பருவத்து விதையையே உபயோகித்தல் நலம். ஏக்கருக்கு 2 கிலோ என்ற விகிதப்படி 10 சென்டுக்கு 200 கிராம் விதை போதும்.

இனி, மேலே ஒத்திவைத்த விஷயத்திற்கு வருவோம். கனகாம்பரத் தோட்டங்கள் பாழாவதற்கு முக்கிய காரணம் பூச்சியும் அல்ல, வறட்சியும் அல்ல. வேருக்குள் வாழும் நூற்புழுவே. இது கண்ணுக்குப் புலப்படாத அளவுடையது. இதில் பல ஜாதிகள் உண்டு. கனகாம்பரத்தைத் தாக்குவதில் பேர்பெற்றதை விஞ்ஞானிகள் பிராட்டிலெங்கஸ் டெலாட்ரி என்று அழைக்கிறார்கள். இப்புழு வேரைத் துளைத்துப் புண்ணாக்குகிறது. அப்புண் வழியே பியூசேரியம் என்னும் பூஞ்சணம் புகுந்து செடியை வாட்டி விடுகிறது. முதலில் செடி வளராமல் குன்றும். இலை சிறுத்து மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். கதிர் குட்டையாகும். ஒருவர் உரம் போதவில்லையென்று உரம் போடுவார்; மற்றொருவர் நீர் போதவில்லையென்று நீர் பாய்ச்சுவார். செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் வெண்மையான வேருக்குப் பதில் கறுத்த தழும்புகளும் அழுகின சல்லி வேர்களும் காணப்படும். அந்நிலைக்கு வந்த செடியை மீட்க முடியாது. பக்கத்துச் செடிகளைக் காப்பாற்றுவதற்காக அதை வேரோடு எடுத்து எரித்து விடுவதே தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அங்கத்தினர்கள் சிலர் வைத்திருக்கும் பழைய சாகுபடிக் குறிப்புகளில் நூற்புழுவுக்குப் போரேட் குருணை இடும்படியும், நாற்றின் வேரைப் பாதரசங் கலந்த மருந்தில் நனைத்து நடும்படியும் எழுதியிருக்கிறது. இவ்விரண்டும் 2018ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் உத்தரவினால் விலக்கப்பட்டவை. பாதரச மருந்து அப்போதே நின்றது. போரேட் 2020ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது. எந்தக் கடையிலாவது பழைய சரக்கு கிடைப்பதாகக் கேள்விப்பட்டாலும் வாங்கலாகாது. கனகாம்பரத்தைப் பறிப்பது வெறுங் கையினால். பறித்த பூ போவது பெண்மக்களின் தலைக்கு. இதை யோசித்தால் வேறு காரணம் வேண்டியதில்லை.

மருந்தைவிட முன்ஜாக்கிரதையே இதில் பலிக்கும். நாற்றங்காலிலேயே புழு ஏறிவிட்டால் ஒவ்வொரு நாற்றோடும் அது வயலுக்குப் போய்ச் சேரும். ஆகையால் சித்திரை வைகாசி வெயிலில் நாற்றங்கால் மண்ணை நன்றாகக் கொத்தி, நனைத்து, நிறமற்ற பாலிதீன் தாளை இறுக்கிப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டு வைக்க வேண்டும். உள்ளே ஏறும் உஷ்ணத்தில் மேல்மண்ணிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி மடியும். களை விதையும் மடியும். நடவு வயலுக்குச் சென்டுக்கு 4 கிலோ வீதம் வேப்பம் புண்ணாக்கைத் தூள் செய்து கலந்திடலாம். கனகாம்பரம் இருந்த இடத்தில் உடனே மறுபடி கனகாம்பரம் வைப்பது கூடாது. நடுவில் ஒரு பருவம் செண்டுமல்லி பயிரிட்டால், அதன் வேரிலுள்ள சத்து இவ்வகைப் புழுக்களுக்கு விஷமாவதால் நிலம் தெளியும். செண்டுமல்லியும் விலை போகும் பூவே ஆகையால் அந்தப் பருவம் வீணாவதில்லை.

நடவு முறை எளிது. இரண்டடிக்கு ஒரு பார் அமைத்து, பாரின் ஒரு பக்கத்தில் ஓரடிக்கு ஒரு நாற்றாக, 60 நாள் நாற்றுகளை நட வேண்டும். 10 சென்டுக்கு ஏறக்குறைய 2,200 நாற்றுகள் பிடிக்கும். அடியுரமாகத் தொழுவுரம் 10 சென்டுக்கு ஒரு டன் வீதம் இடலாம். ரசாயன உரத்தை மண் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து இடுவதே உத்தமம். வாரம் ஒரு தண்ணீர் போதும். தென்னையின் இலேசான நிழலைச் செடி தாங்கும். அடர்ந்த நிழலில் இலை செழிக்குமேயன்றிப் பூ வராது. பூத்து ஓய்ந்த கதிர்களை அவ்வப்போது கிள்ளி விட்டால் புதுக் கதிர் வரும். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கி, நன்கு பேணினால் இரண்டு மூன்று வருஷம் வரை பலன் தரும்.

டெல்லிக் கனகாம்பரம் என்று ஒரு வகை உண்டு. பூ பெரிது, நிறமும் அழுத்தமான ஆரஞ்சு. இதில் விதை சரியாகப் பிடிப்பதில்லை; தண்டை வெட்டி வேர்விடச் செய்தே விருத்தி செய்கிறார்கள். ஆகவே கன்றை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். ஏக்கருக்கு வருஷம் 1,120 கிலோ வரை மகசூல் தருவது. நாட்டு ரகமோ 800 கிலோ. ஆனால் நூற்புழுவுக்கு இதுவும் விலக்கன்று. வாங்கும் பண்ணையில் ஒரு கன்றையாவது பையிலிருந்து எடுத்து வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் பண்ணையில் வாங்காதிருப்பதே லாபம்.

இனிக் கணக்குக்கு வருவோம். நாட்டுக் கனகாம்பரம் ஒரு கிலோவில் சுமார் 15,000 பூக்கள் அடங்கும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஏக்கருக்கு 800 கிலோ என்றால் 10 சென்டுக்கு வருஷத்தில் 80 கிலோ. பூவை ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்கிறோம். ஆக வருஷத்தில் 180 பறிப்புகள். சராசரியாகப் பறிப்பு ஒன்றுக்கு 440 கிராம்; பூ எண்ணிக்கையில் சொன்னால் 6,600. ஒருவர் நிமிஷத்திற்கு 50 பூ வீதம் இடைவிடாமல் பறிப்பதாக வைத்துக் கொண்டாலும் இரண்டே கால் மணி நேரம் பிடிக்கும். இது சராசரி. பூ நிறைந்த மாதங்களில் இரட்டிப்பாக வந்தால் 13,000 பூக்களுக்கு மேல். ஒருவருக்கு நாலரை மணி நேரம். வெயில் ஏறும் முன் பறித்தாக வேண்டும். சந்தை பஸ்ஸும் நமக்காகக் காத்திராது. எனவே 10 சென்டுக்குப் பூக்காலத்தில் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

இதையே ஓர் ஏக்கருக்குப் பெருக்கிப் பாருங்கள். சராசரி நாளில் 66,000 பூக்கள். இருபத்திரண்டு மணி நேர வேலை. விடியற்காலை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க ஒன்பது ஆட்கள் வேண்டும், பூக்காலத்தில் பதினெட்டு. நமது கிராமங்களில் அந்நேரத்திற்கு, அதுவும் நாள் விட்டு நாள், அத்தனை ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? கலியாண மாத விலையைக் கேள்விப்பட்டு முக்கால் ஏக்கர் வைத்த அங்கத்தினர் ஒருவரின் தோட்டத்தைப் பார்வையிட்டேன். செடியில் யாதொரு குறையும் இல்லை. பயிர் கண்ணுக்கு அழகாகவே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு பூவைத்தான் அவரால் பறிக்க முடிந்தது. மிச்சம் கதிரிலேயே காய்ந்து விதையாகிக் கொண்டிருந்தது. விதை பிடித்த கதிர் செடியின் சாரத்தை இழுத்துக் கொள்வதால் புதுக் கதிரும் குறைகிறது. கடனோ முக்கால் ஏக்கருக்கு.

வீட்டில் பறிப்பவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகளே. அவர்கள் வேலை வீட்டு வேலை தானே என்று கூலிக் கணக்கில் சேர்க்காமல் விட்டு விடுகிறோம். இது பிசகான கணக்கு. அதே இரண்டு மணி நேரத்தை வெளி வேலைக்குச் செலவிட்டால் கிடைக்கும் கூலியைச் செலவுப் பத்தியில் எழுதிப் பார்த்த பின்பே லாபம் இன்னதென்று தெரியும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பறிப்பு ஆட்களாக எண்ணிக் கடன் மனுவில் காட்டுவதை இனி நாம் ஏற்பதற்கில்லை.

நிலத்தில் ஜயித்த பிறகு சந்தை இருக்கிறது. நிலக்கோட்டை, திண்டுக்கல், மதுரை, தோவாளை முதலிய இடங்களின் பூச் சந்தைகளில் காலையில் ஒரு விலையும் சற்று நேரம் கழித்து ஒரு விலையும் இருப்பது வழக்கம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை ஒட்டி விலை ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. எனினும் மார்கழியில் பூவும் குறைவாதலால் விலை அவ்வளவாக விழுவதில்லை. இவ்வேற்ற இறக்கத்தை நாம் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது முன்பண விவகாரம்.

மண்டிக்காரர் ஒருவர் நடவுச் செலவுக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறார். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டியும் இல்லை என்கிறார். பூவை அவர் மண்டிக்கே போட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. சங்கத்திற்கு வந்து மனு எழுதிக் காத்திருப்பதைவிட இது சுலபமாகத் தோன்றுகிறது. பேச்சுக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். 10 சென்டில் 80 கிலோ, சராசரி விலை கிலோ 300 ரூபாய், மொத்தம் 24,000. முன்பணம் வாங்கியவர் என்பதால் கமிஷன் நூற்றுக்கு ஐந்து அதிகம்: 1,200 ரூபாய். விலையில் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு: 1,600 ரூபாய். நிறுவையில் தடவைக்கு 25 கிராம் விட்டுப் போனால் 180 தடவைக்கு நாலரைக் கிலோ: 1,350 ரூபாய். மூன்றும் சேர்ந்து 4,150. வட்டியில்லாக் கடனுக்கு வருஷத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்றரை வட்டி கொடுத்தாயிற்று. முன்பணமோ ஒரு ரூபாயும் குறையாமல் நிற்கிறது. அது நிற்கும் வரை வேறு மண்டிக்குப் போகவும் முடியாது. எல்லா மண்டிக்காரரும் இப்படியென்று சொல்ல வரவில்லை. நாணயஸ்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாணயஸ்தரிடமும் கடன்பட்டவன் விலை பேச முடியாது.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. சிலர் பாரம் கூடுவதற்காகப் பூவின்மேல் நீரைத் தெளித்து அனுப்புகிறார்கள். ஒருவர் கூடையில் கண்ட ஈரத்திற்காக எல்லோர் கூடையிலும் ஈரக்கழிவு பிடிக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து அனுப்பும் இடத்தில் இது மற்ற ஒன்பது பேர் பணத்தை எடுப்பதற்குச் சமானம்.

இவ்விஷயத்தில் சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, ஐந்து கிராம் வரை காட்டும் முத்திரையிட்ட எலெக்ட்ரானிக் தராசு ஒன்றைச் சங்கக் கட்டிடத்தில் வைத்து, பஸ்ஸுக்குப் போகுமுன் ஒவ்வொருவர் பூவையும் நிறுத்து நோட்டில் பதிய வேண்டும். மண்டிச் சீட்டை மாலையில் அந்நோட்டோடு ஒப்பிட்டால் இரண்டு வாரத்தில் உண்மை விளங்கும். வழக்காட வேண்டியதில்லை; நோட்டு இருக்கிறதென்று தெரிந்தாலே நிறுவை நேராகும். இரண்டாவது, கூடைகளைச் சேர்த்து முறை வைத்து ஒருவரை அனுப்பலாம். பத்து வீட்டிலிருந்து பத்துப் பேர் அரைக் கிலோப் பூவுடன் பஸ் ஏறுவது கட்டுப்படியாகாது. நாலைந்து கிலோ ஒரே கையில் இருந்தால் இரண்டு மண்டியில் விலை கேட்கவும் தைரியம் வரும். மூன்றாவது, கடன் தவணையைப் பூவை அனுசரித்து வைக்க வேண்டும். ஆவணியில் நட்ட செடி கார்த்திகை மார்கழியில் சிறிது பூத்து, தையில்தான் நன்றாய்ப் பிடிக்கும். மாசிக்கு முன் தவணை வைத்தால் அங்கத்தினர் அதைக் கட்டுவதற்கே மண்டி முன்பணத்தைத் தேடிப் போவார். மாசி முதல் மாதந்தோறும் சிறுசிறு தொகையாக வசூலிப்பது இரு தரப்புக்கும் சௌகரியம். குறித்த தவணையில் செலுத்துவோருக்குப் பயிர்க்கடன் வட்டியில் கிடைக்கும் சலுகையும் இழக்கப்படாது. பூப்பணத்தைப் பறிப்பவர் பெயரிலேயே சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கலாம். வீட்டில் பூப் பறிக்கும் ஸ்திரீகள் தாமே அங்கத்தினராகச் சேர்ந்து மனுச் செய்வதற்கு யாதொரு தடையும் இல்லை.

கடன் மனுப் பாரத்தில் விஸ்தீரணம் எழுதும் இடத்திற்கு எதிரில், காலையில் பறிக்கக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதும்படி நிர்வாகப் பஞ்சாயத்தார் கேட்க வேண்டும். இருவர் இருந்தால் 10 சென்டு. நால்வர் இருந்தால் 20 சென்டு. அதற்கு மேல் கேட்பவர் கூலியாட்கள் யார், என்ன கூலி என்பதைக் காட்டட்டும். முதல் வருஷம் 5 சென்டில் வைத்துப் பார்த்து, மறு வருஷம் தமது விதையைக் கொண்டே பெருக்குவது இன்னும் நல்லது.

நாற்றங்கால் வெயில் காய்ச்சலைச் சித்திரையில் தொடங்கி வைகாசிக்குள் முடித்துக் கொண்டால், ஆனி முதல் வாரத்தில் விதைத்து ஆவணியில் நடலாம். ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்து விடும். மனுக்கள் வைகாசி முடிவதற்குள் சங்கத்திற்கு வந்து சேர வேண்டும்.